ஆளுக்கொரு ஓட்டை

16-1-1968, செவ்வாய்

இன்று நாலு தையல் மெஷின் மோட்டார் வந்தது. மூன்றில் கார்பன் தேய்ந்திருந்தது. நாலாவதில் எலி, செத்து மூன்று நாளாவது இருக்கும். முதலாளி ஜெயினுலாப்தீன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று, "மீரானு, நீ எடு" என்றார். கடையில் பிட்டர்கள் இரண்டு பேர். எலி என்றால் நான், நுணுக்க வேலை என்றால் பூதத்தான் அண்ணாச்சி. ஏழு வருஷமாக இதுதான் பங்கீடு.

அந்த நுணுக்க வேலைக்காரருக்குக் கிட்டத்தில் உள்ளது எதுவும் தெரியாது. முப்பத்தொன்பது வயசுதான். பார்வை மங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலாளிக்கு இது தெரியாது. தெரிந்தால் முன்பு லேத் ஓட்டிய பிரம்மநாயகத்துக்கு ஆனதுதான் இவருக்கும் ஆகும். அவன் ஒரு நாள் காலையில் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தான். பத்து மணி டீ வந்தபோது அவன் கடையில் இல்லை. "கண்ணாடிக்காரன் லேத்துல விரலை விட்டான்னா யாரு பதில் சொல்லுதது?" என்பது முதலாளியின் நியாயம்.

ஆகவே அண்ணாச்சியின் கண் நான். மைக்ரோமீட்டரை அவர் கையில் பிடித்திருப்பார், நான் பக்கத்தில் போய் இருமுகிற மாதிரி எண்ணைச் சொல்லிவிட்டு வருவேன். மற்றதெல்லாம் அவர் விரல் பார்த்துக்கொள்ளும். அங்குல டிரில்கள் முப்பதைக் கலந்து கொட்டினால் கண்ணை மூடிக்கொண்டு அளவு வாரியாக அடுக்கிவிடுவார். ஒருதரம் விளையாட்டுக்குக் கொட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அன்று எனக்கு வயிறு எரிந்தது. எழுதினால் என்ன, என் நோட்டுதானே.

ஊரிலிருந்து பெண்டாட்டி நஸீராவின் கடிதம். நாலே வரி. "குழாயும் கக்கூசும் உள்ள வீடு கிடைச்சா எழுதுங்க மச்சான். இல்லாட்டி எழுத வேண்டாம்னு வாப்பா சொல்றாங்க." போன மழையில் இந்தத் தாராவிக் குடிசையில் சாக்கடைத் தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு ஏறியதும், மகள் சைனபுக்குக் காய்ச்சல் கண்டதும், மாமனார் வந்து இருவரையும் கடையநல்லூருக்குக் கூட்டிப் போனதும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. சைனப் இப்போது நடக்கிறாளாம். தாய்மாமனைப் பார்த்து வாப்பா என்கிறாளாம். இதை எதற்கு எனக்கு எழுதினாள்?

3-2-1968, சனி

மாதுங்காவிலிருந்து ஒரு சார் வந்தார். கிட்டு என்று பெயர். டிராம்பே ஆபீசில் எஞ்சினீயர். ஒன்றரை வருஷம் ஜெர்மனியில் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். வரும்போது முழங்கை நீளத்துக்கு ஒரு கார் கொண்டு வந்திருக்கிறார். கையில் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு நீளக் குச்சி. பெட்டியில் திருகினால் கம்பியே இல்லாமல் கார் ஓடுமாம், திரும்புமாம், பின்னால் வருமாம். ரேடியோதான் ஓட்டுகிறது என்றார்.

"கொழந்தைக்கா சார்?" என்று கேட்டார் முதலாளி.

"எனக்கு" என்றார். கொஞ்சமும் கூச்சமில்லை.

காரின் மோட்டார் தீப்பெட்டி அளவுதான். அதன் அலுமினிய முகத்தில் இரண்டு ஓட்டை. அந்த இரண்டு ஓட்டையில் மாட்டும் இரண்டு ஸ்குரூதான் மோட்டாரைக் காரோடு பிடிக்கிறது. இரண்டிலும் மரை வழண்டு வெறும் பொந்தாகக் கிடந்தது. "தானாவே இப்படி ஆயிடுத்து" என்றார் சார்.

நானும் அண்ணாச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஓட்டை மில்லிமீட்டர் மரை. அதில் இருந்த ஸ்குரூ லோகர் சால் கடைத்தெருவில் வாங்கிய இங்கிலீஷ் அங்குல மரை. முதல் ஸ்குரூ தொலைந்திருக்கும், கிட்டத்தட்ட அதே தடிமனில் ஒன்றை வாங்கி முறுக்கியிருக்கிறார். ஒன்றரைச் சுற்றில் இறுகியிருக்கும். அங்கே கையை எடுப்பவன் பிட்டர். அதற்கு மேலும் முறுக்கியவர் எஞ்சினீயர்.

5-2-1968, திங்கள்

முதலாளி மதியம் லுஹர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் கிட்டு சார் மறுபடி வந்தார். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் வந்திருக்கிறார். டிராம்பே ஒர்க்ஷாப்பில் சின்னச் சின்ன வேலை செய்ய ஒரு பிட்டர் வேண்டுமாம். நிரந்தர வேலை. மான்குர்த் போகிற வழியில் குவார்ட்டர்ஸ் எழும்புகிறது, ஒரு வருஷத்துக்குள் கிடைத்துவிடும். சார் ஒருவன் பெயரை எழுதிக் கொடுத்தால் டிரேட் டெஸ்டுக்குக் கூப்பிடுவார்கள்.

"ரெண்டு பேர்ல யார் கெட்டிக்காரன்னு எனக்கெப்படித் தெரியும்? மோட்டார்ல ரெண்டு ஓட்டை இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்கோ. எவனோடது தாங்கறதோ அவன் பேர எழுதித் தரேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சேவல்களை மோதவிட்டுப் பார்க்கிறவன் சிரிப்பு அது. எனக்குக் கோபம் வரவில்லை. குழாயைத்தான் நினைத்தேன். திறந்தால் தண்ணீர், மூடினால் நிற்கும்.

ஜெர்மனி டிரில் பெட்டி ஒன்றும், மூன்று மில்லிமீட்டர் மரை வெட்டும் டேப் ஒன்றும் வைத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சீட்டு. மூன்று மில்லிமீட்டர் மரைக்கு இரண்டரை டிரில் என்று எழுதியிருந்தது. அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டரை" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மில்லிமீட்டர் அவர் விரலுக்குப் புதுசு.

சாயங்காலம் அவர் வீட்டில் சாப்பிட்டேன். நஸீரா போனதிலிருந்து அங்கேதான் சாப்பாடு. அவர் பெண்டாட்டி பேராச்சி மைனி சோறு போட்டபடியே கேட்டது, "பெரிய ஆபீசுல இவுக கண்ணைப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிட மாட்டாவளா தம்பி?"

அதற்கு அண்ணாச்சியே பதில் சொன்னார். "அந்த சாரே சோடாப்புட்டிக் கண்ணாடிலா போட்டிருக்காரு. அங்கெல்லாம் கண்ணாடி போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாவளாம், நான் கேட்டுட்டேன். அங்க போயிட்டா ஒளிக்க வேண்டாம் பாத்துக்கோ."

அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்த்ததே இல்லை. மீன் துண்டை என் தட்டில் வைத்தார்.

7-2-1968, புதன்

என் ஓட்டை முடிந்தது. பழைய பொந்தைப் பெரிதாக்கி, உள்ளே மரை வெட்டி, பித்தளைக் கட்டை ஒன்றைத் திருகி இறக்கி, முகத்தைச் சமமாக அராவி, அந்தப் பித்தளையின் நடுவில் இரண்டரை டிரில் போட்டு மூன்று மில்லிமீட்டர் மரை வெட்டினேன். ஐந்து மணி நேரம் ஆனது. அசிங்கம் இல்லை. அழகும் இல்லை. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிகிறது.

அண்ணாச்சி அதன்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு மீரானு" என்றார். நல்லாயில்லை என்று அவர் விரலுக்குத் தெரியும். இரக்கம் காட்டுகிறாராம். இந்த இரக்கம்தான் எனக்குப் பிடிக்காது.

8-2-1968, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அண்ணாச்சி காலையில் ஆரம்பித்தார். பித்தளைக் கட்டையை இறக்கினார் பாருங்கள், எங்கே அலுமினியம் முடிகிறது எங்கே பித்தளை தொடங்குகிறது என்று நகத்தால் கீறினாலும் தெரியவில்லை. நிறம் மட்டும்தான் வேறு. என்னுடையதற்குப் பக்கத்திலேயே அது இருந்தது. அரை அங்குலத் தூரம்தான். யார் பார்த்தாலும் எது கெட்டிக்காரன் வேலை என்று சொல்லிவிடுவார்கள்.

கையை என் பக்கம் நீட்டினார். "ரெண்டரை எடு."

பெட்டியில் ஒவ்வொரு டிரில்லுக்கும் கீழே பொடி எழுத்தில் எண் இருக்கிறது. அவருக்கு அது ஈ முட்டை. நான் இரண்டரைமேல் விரலை வைத்தேன். எடுக்கவில்லை. அதற்கு மூன்று குழி தள்ளி இரண்டு புள்ளி எட்டு இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

"ரெண்டரைதானே?"

"ரெண்டரை அண்ணாச்சி."

விரலில் உருட்டிப் பார்த்தார். அங்குல டிரில் என்றால் பிடித்திருப்பார். துளை போட்டார். பிறகு டேப்பை வைத்துத் திருகத் தொடங்கினார். அரைச் சுற்றிலேயே கை நின்றது.

"லேசாப் போவுதே மீரானு."

துளை பெரிதாக இருந்தால் டேப்புக்கு வெட்ட உலோகம் இருக்காது, மரை மேலோட்டமாகத்தான் விழும். அதைத்தான் அவர் கை சொன்னது. அந்தக் கை ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

"செருமன் டேப்புலா அண்ணாச்சி. கூர் அப்படி. எனக்கும் லேசாத்தான் போச்சு."

"அப்படியா" என்றார். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு முழுக்கத் திருகி முடித்தார்.

ஸ்குரூவைப் போட்டுப் பார்த்தோம். இறுகியது. இறுகத்தான் செய்யும், மூன்றில் ஒரு பங்கு மரையாவது இருக்கிறதே. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. டிரில்லைத் துடைத்து அதன் குழியில் நானே வைத்தேன்.



9-2-1968, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்குப் போனேன். என்ன ஓதினேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு எண்ணை மாற்றிச் சொன்னேன், வேறென்ன செய்துவிட்டேன்? முதலாளி தினமும் பத்துப் பேரிடம் எண்ணை மாற்றிச் சொல்கிறார், அவரும் முதல் வரிசையில்தானே நிற்கிறார். அண்ணாச்சிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பெண்டாட்டி கூடவே இருக்கிறாள். அவருக்கு எதற்குக் குவார்ட்டர்ஸ்? ஆமாம், எதற்கு?

காரை ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். இன்னும் நேரம் இருக்கிறது. "தப்பா வாசிச்சுட்டேன் அண்ணாச்சி, கட்டையை மாத்துங்க" என்றால் இரண்டு மணி நேர வேலை. திட்டக்கூட மாட்டார்.

10-2-1968, சனி

சொல்லவில்லை.

11-2-1968, ஞாயிறு

மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ். லுங்கி கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் மராட்டிப் பையன்கள் வம்புக்கு வருகிறார்கள் என்று அண்ணாச்சி என்னிடம் பேன்ட் இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கணுக்காலுக்கு மேலே நின்றது. அந்தக் கோலத்தில் அவர் பெருமையாக நடந்து வந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கிட்டு சாரும் அவர் மனைவி விசாலாக்ஷியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கார் கிளம்பியது. உண்மையாகவே கம்பியில்லாமல் ஓடியது. நடைபாதையில் வளைந்தது, நின்றது, பின்னால் வந்தது. கடலைக்காரன் ஒருவன் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தான். அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார். "நம்ம ரெண்டு ஓட்டைலதான் அம்புட்டும் நிக்குது மீரானு" என்று என் தோளைப் பிடித்தார்.

பத்து நிமிஷம் ஓடியது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு சார் முன்னால் போன காரை ஒரேயடியாகப் பின்னால் இழுத்தார். உள்ளே கரகரவென்று பல்லைக் கடிக்கிற சத்தம். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மோட்டார் ஒற்றை ஸ்குரூவில் திருகித் தொங்கியது. பல்சக்கரத்தில் பாதிப் பல் இல்லை.

அண்ணாச்சி குனிந்து உட்கார்ந்தார். மோட்டார் முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு ஓட்டையில் ஸ்குரூ இருந்தது. இன்னொன்றில் பித்தளைத் தூள் மட்டும்.

"நம்மதுதான் சார் போயிட்டு. மீரானோடது நிக்கு."

"அதுக்கு ஏன்யா தடவிப் பாக்கறே?" என்றார் கிட்டு சார். "கண்ணுக்கு நேர இருக்கே, தெரியலையா?"

அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார். விசாலாக்ஷி அம்மாள் மெதுவாக, "பாவம், விடுங்கோ" என்றாள். சார் விடவில்லை. "ஜெர்மனிலேர்ந்து வரணும் இந்தச் சக்கரம். தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். கை வைக்கப்படாது" என்றார்.

திரும்பும்போது நடந்தே வந்தோம். கிங்ஸ் சர்க்கிள் தாண்டியதும் அண்ணாச்சி சொன்னார். "உனக்குக் கிடைச்சிட்டு. அதுபோதும். நஸீராவுக்கு எழுது." வீட்டு வாசலில் பேன்டைக் கழற்றி மடித்துத் தந்தார்.

13-2-1968, செவ்வாய்

கிட்டு சார் போகிறபோக்கில் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார், உங்கள் பெரிய கைக்காரன் எதையும் தடவித்தான் பார்க்கிறான் என்று. அவருக்கு அது ஒரு வேடிக்கை.

காலையில் முதலாளி கிரீஸ் டப்பாவைக் கொண்டு வந்து அண்ணாச்சியின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதுல என்ன எழுதியிருக்கு?"

அண்ணாச்சி டப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வேறு எதற்கும் இல்லை, ஒன்றரை வருஷப் பழக்கம். எண்ணோ எழுத்தோ வந்தால் என் பக்கம் திரும்பிவிடுவார். நான் இருமவேண்டும், வாய்க்குள் சொல்லவேண்டும். காத்துக்கொண்டு நின்றார்.

நான் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மீரானு, இவருக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் முதலாளி.

"தெரியாது முதலாளி."

அண்ணாச்சி அப்போது தலையை மட்டும் ஆட்டினார். நான் சொன்னது சரி என்பதுபோல. ஆமாம், என்னையும் சேர்த்து அனுப்பிவிடக்கூடாதே என்று. அட மனுஷா, உனக்குக் கோபமே வராதா? ஒரு அறை விட்டிருக்கலாமே. செருப்பால் அடித்திருக்கலாமே.

பத்து மணி டீ வருவதற்குள் போய்விட்டார்.

14-2-1968, புதன்

எலி என்றாலும் நான், நுணுக்கம் என்றாலும் நான்.

28-2-1968, புதன்

பேராச்சி மைனி கடை வாசலுக்கே வந்துவிட்டது. தூக்குச்சட்டியில் சோறு. "பதினஞ்சு நாளா ஏன் தம்பி வீட்டுப் பக்கமே வரல? அவுகளுக்கு வேலை போயிட்டுன்னு நீ மனசு உடைஞ்சு கிடக்கியாம்லா. அவுகதான் சொன்னாக. சாப்பிடாம கிடக்காதே."

வாங்கிக்கொண்டேன். சுண்டக்கறி. முழுதும் தின்றேன்.

அண்ணாச்சி தோல் மண்டியில் வேலைக்குப் போகிறாராம். வந்த தோலில் உப்பைத் தட்டி உதறுகிற வேலை. "உப்புல கையெல்லாம் வெடிச்சுக் கிடக்கு" என்றது மைனி. "வேற கடையில பிட்டர் வேலை கேளுங்கன்னா, வேண்டாங்காக."

வேண்டாமென்றால் நான் என்ன செய்ய?

22-4-1968, திங்கள்

டிரேட் டெஸ்ட். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து சதுரமாக அராவச் சொன்னார்கள். தேறிவிட்டேன். என்னோடு வந்த ஆறு பேரில் நாலு பேருக்கு அரத்தைப் பிடிக்கவே தெரியவில்லை. கண் டெஸ்டும் இருந்தது. கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். டாக்டர், "பஹுத் அச்சா" என்றார்.

1-7-1968, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். செம்பூரிலிருந்து ஆபீஸ் பஸ். உட்கார இடம் கிடைக்கிறது.

19-1-1969, ஞாயிறு

குவார்ட்டர்ஸ் சாவி போன வாரம் கிடைத்தது. இன்று நஸீராவும் சைனபும் வந்து சேர்ந்தார்கள். நஸீரா முதலில் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். சைனப் என்னைப் பார்த்து அழுதாள்.

12-5-1969, திங்கள்

கிட்டு சார் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். அந்த மோட்டார் அவரிடம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து புதுச் சக்கரம் வந்திருக்கிறது, இப்போதுதான் பிரித்துப் பார்த்திருக்கிறார். பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பித்தளை உக்காந்திருக்கற அழகைப் பாரு. இந்த மாதிரி வேலை நம்ம ஷாப்லயே எவனும் பண்ணமாட்டான். துளைதான் பெரிசாப் போயிடுத்து. பாவம், கண்ணு தெரியாம டிரில்லை மாத்தி எடுத்துட்டான் போலிருக்கு."

"ஆமா சார்" என்றேன்.

"அவனைக் கூட்டிண்டு வா. ஹெல்பர் இடம் ஒண்ணு இருக்கு. கண்ணாடி போட்டா சரியாப் போயிடும். நானும் அன்னிக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்."

அவருக்கு ஒரு வருஷம் கழித்து இரக்கம் வருகிறது. வந்த இரக்கத்தை நான் சுமந்துகொண்டு தாராவிக்குப் போகவேண்டும்.

18-5-1969, ஞாயிறு

போனேன். அண்ணாச்சி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் தோல் வெடித்துக் கருத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். பேராச்சி மைனி ஸ்டூலைத் துடைத்துப் போட்டது. சைனப் எப்படி இருக்கிறாள், பேச்செல்லாம் நன்றாக வந்துவிட்டதா என்று இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கையை விரித்துப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு போனது பெருசா தெரியல மீரானு. கை இருக்குன்னு நெனச்சேன். அன்னைக்கு டேப்பு லேசாப் போச்சு. துளை பெருசுன்னு கை சொல்லிச்சு. நான் உன்ட்டக் கேட்டேன். உன் கண்ணு பொய் சொல்லாது. அப்பம் கைதானே பொய்? அதுக்கப்புறம் ஒரு ஆணியைத் தொட்டாக்கூட இது சரியா, தப்பான்னு எனக்கு நிச்சயமில்ல. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் அங்க வந்து என்ன செய்ய?"

மைனி, "அந்த சார் ஏதும் சொன்னாரா தம்பி, எதனால வழண்டுச்சுன்னு?" என்றது.

ஒரே ஒரு வரி. துளை பெரிதாக இருந்ததாம் அண்ணாச்சி, உங்கள் கை சொன்னதுதான் சரி. அதைச் சொன்னால் அந்தக் கை அவருக்குத் திரும்பிவிடும். சொன்ன அடுத்த நிமிஷம், டிரில்லை எடுத்துக் கொடுத்தது யார் என்று மைனி கேட்கும். நஸீராவின் காதுக்குப் போகும். கிட்டு சாருக்குப் போகும்.

"ஒண்ணும் சொல்லல மைனி" என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். "என்னன்னு சொல்லுவாரு? சரி, நீ பக்கத்துல இருப்பேலா? அப்பம் வாரேன். நீ சொல்லுததைச் செய்யுதேன்."

2-6-1969, திங்கள்

ஹெல்பராகச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கீழே.

11-7-1969, வெள்ளி

என்னால் முடியவில்லை. ஒரு நட்டை இறுக்குவதற்குக்கூடக் கேட்கிறார். "போதுமா மீரானு? இன்னும் கால் சுத்து விடவா?" அராவும்போது நாலு தரம் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறார். ஷாப்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மங்கேஷ் என்கிற மராட்டிக்காரன், "தேரா நந்தி பைல் ஆயா" என்கிறான், உன் பூம்பூம் மாடு வந்துவிட்டது என்று. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன். "உம்ம கைக்கு என்ன கேடு? சோத்தைத் தின்னவும் என்கிட்டக் கேப்பீரா?" என்று. எல்லோர் முன்னிலையிலும். "கோவப்படாத மீரானு" என்றார், சின்னக் குரலில். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, குப்பை கூட்டப் போனார்.

நஸீராவிடம் சொன்னேன், அவரை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன் என்று. "அந்த மனுசன் வீட்டுச் சோத்தை எட்டு மாசம் தின்னீங்களே மச்சான்" என்றாள்.

7-8-1969, வியாழன்

அண்ணாச்சிக்குக் கண்ணாடி வந்துவிட்டது. கிட்டு சாரே சீட்டு எழுதிச் செம்பூரில் ஒரு கடைக்கு அனுப்பியிருந்தார். காலையில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். சுவரில் இருந்த நோட்டீசையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்தார். சிகரெட் பெட்டியை எடுத்து வாசித்தார். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து, "இம்புட்டு நரைச்சிட்டியா மீரானு?" என்றார்.

இனி இவருக்கு எல்லா எண்ணும் தெரியும்.

பதினோரு மணிக்கு ஒரு வேலை வந்தது. பித்தளைத் தகட்டில் மூன்று மில்லிமீட்டர் மரை, நாலு துளை. டிரில் டப்பாவை அவரே திறந்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் கிட்டப் போகவில்லை. ஒன்றை எடுத்தார். "ரெண்டு புள்ளி அஞ்சு" என்று சத்தமாக வாசித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவருக்குச் சந்தோஷம்.

அதை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்தார். மறுபடி உருட்டினார்.

"மீரானு, இங்க வா. இது மெலிசா இருக்கே. அன்னைக்கு நீ எடுத்துத் தந்தது இதைவிடத் தடிமனா இருந்தாப்புல கைக்கு ஞாபகம். அதுவும் ரெண்டரைதானே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் பெரிதாகத் தெரிந்தது. அதில் சந்தேகம் துளிகூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றேன்.

"பாத்தியா" என்றார். "இது இன்னும் பொய்தான் சொல்லுது."

டிரில்லை என்னிடம் நீட்டினார். நாலு துளையையும் நானே போட்டேன். அவர் பக்கத்தில் நின்று துளையில் மண்ணெண்ணெய் விட்டார்.